இரண்டு வார ஏற்பாடு

அந்தப் படிவத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் நான் பொய் சொன்னேன். 'ஆய்வு செய்யப்போகும் நிறுவனத்தோடு உங்களுக்கு முன்தொடர்பு ஏதாவது உண்டா?' இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் 'எங்கள் கதை' என்று ஒரு பக்கம் இருக்கிறது. நிறுவனர் என்று ஒரே ஆளின் படம். கையைக் கட்டிக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்த்தபடி. அவன் என் தங்கையின் கணவன். நான் அந்தக் கதையிலேயே கிடையாது. அவர்களே இல்லை என்று சொன்ன பிறகு நான் மட்டும் உண்டு என்று எழுத எனக்கென்ன தலையெழுத்தா?

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனம் ஒரு சின்ன நிறுவனத்தை வாங்குவதற்கு முன், அவர்கள் சொல்வதெல்லாம் உண்மைதானா என்று உள்ளே புகுந்து பார்ப்பது. பழைய கார் வாங்கப் போகிறவன் கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவான் இல்லையா, அந்த மெக்கானிக் நான். இருபத்தைந்து வயதில் நிறுவனர். இருபத்தொன்பதில் வெளியே தள்ளப்பட்டவன். அப்புறம் இரண்டு கம்பெனி ஆரம்பித்து இரண்டையும் இழுத்து மூடியவன். முப்பத்தாறு வயதில் அடுத்தவன் எழுதிய மென்பொருளில் ஓட்டை தேடிக் கொடுக்கிறவன். கடந்த சில வருடத்தில் எத்தனையோ கம்பெனிகளுக்குள் போய் வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் பட்டியல் வரும்போது ஒரே ஒரு பெயரைத்தான் தேடுவேன். அது ஒரு திங்கட்கிழமை காலை வந்தது.

அவனும் நானும் கல்லூரியில் ஒரே அறை. மச்சான், மச்சான் என்று எல்லோரையும் போலக் கூப்பிட்டுக்கொண்டோம். கடைசியில் என் தங்கையையே கட்டிக்கொண்டு அதை அவன் உறுதி செய்துவிட்டான். அப்போது எனக்கு ரொம்ப சந்தோஷம். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் தயாரிப்பு எளிமையானது. டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டை மருந்துக்கடைக்காரர் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் மெஷின் அந்தக் கோழிக் கிறுக்கலை வாசித்து, மருந்தின் பெயரையும் அளவையும் அச்செழுத்தில் திருப்பி அனுப்பும். தங்கை அப்போது ஒரு மருந்துக்கடை கவுண்டரில் நின்றுகொண்டிருந்தாள். எந்த டாக்டரின் கையெழுத்தையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். டாக்டர்களைப் பற்றி அவள் வீட்டில் வந்து புலம்பியதைக் கேட்டுத்தான் எனக்கு இந்த யோசனையே தோன்றியது. கையெழுத்து வாசிப்பது அவளுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூட நாளிலிருந்தே என் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். என் நோட்டையெல்லாம் அவள்தான் அழகாக எழுதித் தருவாள்.

முதல் இன்வெஸ்டர் பார்க்க வருவதற்கு நான்கு நாள் இருந்தது. மெஷின் பத்துக்கு ஐந்து சீட்டைத் தப்பாக வாசித்தது. இருமல் மருந்து கேட்டால் மூல மருந்தைக் காட்டியது. நான் ஒரு வேலை செய்தேன். ஆபீஸின் கோடியில் பிளைவுட் பலகை அடித்து ஆறடிக்கு எட்டடியில் ஒரு தடுப்பு கட்டினேன். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். மெஷினுக்குச் சந்தேகம் வரும் சீட்டுகள் அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகும்படி எழுதினேன். தங்கையைக் கூப்பிட்டேன்.

"குட்டி, ரெண்டே வாரம். அதுக்குள்ள மெஷினைச் சரி பண்ணிடுறேன். கடையில லீவு சொல்லிட்டு வா."

"ரெண்டு வாரம்னா ரெண்டு வாரம்தான் அண்ணா. அங்க ஆள் இல்லாம திணறுவாங்க" என்றாள்.

இன்வெஸ்டர் சட்டைப்பையிலிருந்து தன் சொந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். இருபது வினாடியில் பதில் திரையில் வந்தது. அவர் மேஜையைத் தட்டி எழுந்து நின்றார். பலகைக்குப் பின்னால் தங்கை மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இரண்டு வாரம் இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டு மாதம் வருடங்கள் ஆயின. நான் மெஷினைச் சரி செய்ய வேண்டும் என்றேன். மச்சான் இன்னும் நூறு கடை பிடிக்க வேண்டும் என்றான். சண்டை முற்றியது. ஒருநாள் காலை இன்வெஸ்டரின் வக்கீல் என் மேஜைக்கு வந்து ஒரு காகிதத்தை வைத்தார். என்னை நீக்குவதற்கு மூன்று கையெழுத்து போதும். இன்வெஸ்டர், மச்சான், மூன்றாவதாகச் சின்னப் பங்கு வைத்திருந்த என் தங்கை. அவள் கையெழுத்து பார்க்க எப்போதும் போல முத்து முத்தாக இருந்தது. அன்றிலிருந்து அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டு விசேஷத்தில் எதிரே வந்தால் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

பழிவாங்குவதைப் பற்றி ஆள் ஆளுக்கு நல்ல வார்த்தை சொல்வார்கள். மறந்துவிடு, மன்னித்துவிடு, உடம்புக்கு ஆகாது. எனக்கு அதுதான் உடம்பில் ஓடியது. அவனுடைய கம்பெனி விழ வேண்டும் என்பதுகூட எனக்கு இரண்டாம் பட்சம்தான். நாலு பேர் முன்னால் அவன் வாயால் ஒரு வாக்கியம் வர வேண்டும். 'இந்தக் கம்பெனியை ஆரம்பிச்சவர் இவர்தான்.' அந்த நாலு சொல்லுக்காகத்தான் ஏழு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வு மூன்று நாள். முதல் நாள் வாங்கும் நிறுவனத்தின் சார்பில் வந்த மேடம் என்னை அறிமுகம் செய்துவைத்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாத பெண்மணி. மச்சான் என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தம் இறங்குவது தெரிந்தது. ஆனால் அவன் என்ன சொல்ல முடியும்? இவன் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் இணையதளத்தில் இருக்கும் கதை பொய்யாகிவிடும்.

கையை நீட்டினான். "உங்களைச் சந்திச்சதுல சந்தோஷம்."

"எனக்கும்தான்" என்றேன். அதில் மட்டும் பொய்யில்லை.

ஆபீஸ் பெரிதாகியிருந்தது. கண்ணாடிச் சுவர், நல்ல நாற்காலிகள், தொட்டியில் செடி. ஆனால் கோடியில் அந்தத் தடுப்பு அப்படியே நின்றது. என் பிளைவுட்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கதவில் 'சர்வர் அறை, அனுமதி இல்லை' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். சர்வர்களை யாரும் இப்போது ஆபீஸில் வைத்துக்கொள்வதில்லை. கதவுக்கு அடியில் டியூப்லைட் வெளிச்சம் தெரிந்தது. குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் அவர்களுடைய மென்பொருளைத் திறந்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சீட்டை மெஷினே வாசிக்கிறது என்று விற்பனைக் காகிதத்தில் எழுதியிருந்தார்கள். உண்மையில் நூற்றில் முப்பத்தொரு சீட்டு வேறெங்கோ போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. போகிற வழியைப் பிடித்துக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு கோப்பு. அதன் தலையில் ஒரு குறிப்பு: 'இது தற்காலிகம். இரண்டு வாரத்தில் நீக்கவும்.' பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி. எழுதியவன் நான். கம்பெனியின் கதையிலிருந்து என்னை அழித்தவர்கள் அந்த ஒரு வரியை அழிக்க மறந்திருக்கிறார்கள். நாற்காலியில் சாய்ந்து, வாய்விட்டுச் சிரிக்காமல் இருக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன்.

சீட்டுகள் போகும் இடத்துக்கு நான் வைத்த பெயரே இருந்தது, 'பின்னறை'. யாரோ பத்து இருபது பேரை வேலைக்கு வைத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பதில் வந்த நேரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை ஒரு பதிலும் இல்லை. மூன்று இருபதிலிருந்து மூன்று ஐம்பது வரை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் 'பராமரிப்பு' என்று ஆப்பே மூடியிருந்தது. இது ஒரே ஆள். டாக்டர்கள் சுருக்கெழுத்தில் போடுவதை மெஷின் அப்படியே அடிக்கும். இந்த ஆளோ, 'காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு' என்று முழுதாக விரித்து எழுதியிருந்தார். கவுண்டரில் நின்று வயதானவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். எங்கேயாவது உண்மையிலேயே புரியாவிட்டால் மட்டும் ஒரே வாசகம்: 'வாசிக்க முடியவில்லை. எழுதியவரைக் கேட்கவும்.'

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தடவை தொடர்ந்து பதினோரு நாள் பராமரிப்பு. அந்தத் தேதி எனக்குத் தெரியும். அது என் மருமகள், தங்கையின் குழந்தை, பிறந்த வாரம். குழந்தை பெற்றவளுக்குப் பதினோரு நாள். மூன்று இருபது மணி என்பது அந்தக் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் நேரமாக இருக்க வேண்டும்.

எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. சத்தியமாகச் செய்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. என் தங்கையைப் பதினோரு வருடம் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறானே என்று அதையும் அவன் கணக்கிலேயே எழுதிவிட்டேன். அவளிடம் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதவு இருபதடி தூரத்தில்தான் இருந்தது.

டீ மெஷின் பக்கத்தில் மச்சான் என்னைப் பிடித்தான். நான் எதைத் திறந்து பார்த்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது.

"மச்சான், எழுதிடாதடா. வித்துட்டா அவளை வெளிய கூட்டிட்டு வந்துடலாம்னுதான் இருக்கேன்."

"பதினோரு வருஷமா கூட்டிட்டு வந்துட்டுதான் இருக்கே."

"உள்ள இருக்கிறது உன் தங்கச்சிடா. இது உடைஞ்சா முதல்ல அவ பேருதான் வெளிய வரும். ஏமாத்துனதுல அவளுக்கும் பங்குன்னு சொல்வாங்க."

"என்னைத் தூக்குன பேப்பர்ல கையெழுத்து போட்டவதானே?"

அவன் கப்பைக் கீழே வைத்தான். "அவ அதைப் படிக்கவே இல்ல. அன்னிக்கு நானூறு சீட்டு வரிசையில நின்னுச்சு. நடுவுல நான் கொண்டுபோய் வச்சேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காம போட்டா. நீ போனதே அவளுக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் தெரியும்."

"ஊர்ல இருக்கிற எல்லாக் கையெழுத்தையும் படிக்கிறவ அதை மட்டும் படிக்கலையா? வேற யார்கிட்டயாவது சொல்லு."

"உன் பேரை மறுபடி போடுறேன். இணையதளத்துல, எல்லாத்துலயும்."

"நாளைக்கு மேடம் முன்னாடி சொல்லு."

"சொன்னா, முன்தொடர்பு இல்லைன்னு நீ ஃபார்ம்ல போட்டிருப்பியே, அந்தப் பொய்யும் சேர்ந்து வெளிய வரும். உன் வேலையும் போகும். யோசிச்சியா?"

யோசித்திருந்தேன். அவனுக்கு அந்தத் துணிச்சல் வராது என்று தைரியமாக இருந்தேன். டீயைக் குடித்து முடித்தேன். நல்ல டீ. எல்லாமே ருசியாகத்தான் இருந்தது அன்றைக்கு.

அறிக்கையில் எழுதினாலே போதும். கம்பெனி விற்காது, விஷயம் முடிந்தது. ஆனால் அறிக்கையை அவன் வக்கீல் மூலமாகப் படிப்பான். எனக்கு அவன் முகம் வேண்டும். மூன்றாம் நாள் நேரடிச் சோதனை உண்டு. நான் கொடுக்கும் சீட்டை மெஷின் மேடத்தின் கண்ணெதிரே வாசிக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினேன். மூன்று மாத்திரை, பள்ளிக்கூட நாளின் அதே கிறுக்கலில். உலகத்தில் எந்த மெஷினும் அதை வாசிக்காது. அவள் வாசிப்பாள். சரியான பதில் வரும். வந்ததும் அது எந்த அறையிலிருந்து வந்தது என்று பதிவைத் திறந்து பெரிய திரையில் போடுவேன். கதவைத் திறக்கச் சொல்வேன். இதுதான் திட்டம். எழுதி முடித்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. கீழே நான்காவது வரியாக, 'சௌக்கியமா, குட்டி?' என்று சேர்த்தேன். அது பாசமா நக்கலா என்று அப்போதே எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் கூட்ட அறையில் மேடம், மச்சான், நான். மணி மூன்றடித்தது. மேடத்தின் முன்னால் என் கோப்பு மூடியிருந்தது. சீட்டை அவரிடம் காட்டினேன்.

"இது மனுஷ எழுத்தா?" என்றார்.

"அதான் மேடம் சோதனை."

போனில் படம் எடுத்து அனுப்பினேன். மச்சான் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வினாடி. என் வாழ்க்கையிலேயே நான் அனுபவித்து ரசித்த இருபது வினாடி அதுதான்.

பதில் வந்தது. முதல் மாத்திரை, சரி. இரண்டாவது, சரி. மூன்றாவது, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு. மேடம் தலையை ஆட்டினார். அதற்குள் நான்காவது வரி வந்தது.

'சௌக்கியம் அண்ணா. ரெண்டு வாரம் முடிஞ்சிடுச்சா?'

திரை சுவர் அகலத்துக்கு இருந்தது. அந்த எழுத்து ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. நான் பதிவைத் திறக்க வேண்டியவன், கை மவுஸில் அப்படியே நின்றது.

"இது மெஷின் எழுதினது இல்லையே" என்றார் மேடம். "யாரோட அண்ணன்?"

மச்சான் மெதுவாக எழுந்தான். இவ்வளவு நாள் விற்பனைக்கென்று வைத்திருந்த முகத்தைக் கழற்றி வைத்துவிட்ட மாதிரி இருந்தான்.

"இவரோட தங்கச்சி மேடம். என் மனைவி. அந்தக் கோடி ரூம்ல உட்கார்ந்து படிக்கிறா. இந்தக் கம்பெனியை ஆரம்பிச்சவர் இவர்தான். அந்த ரூமைக் கட்டினவரும் இவர்தான். அவளை அதுல கொண்டுவந்து உட்கார வச்சவரும் இவர்தான். நான் திறந்து விடல. அது என் தப்பு."

ஏழு வருடம் காத்திருந்த வாக்கியம். ஒரு சொல் குறையாமல், சாட்சியோடு கிடைத்தது.

மேடம் கோப்பைத் திறந்து என் படிவத்தை எடுத்தார். நான் டிக் அடித்த இடத்தில் விரலை வைத்தார். "முன்தொடர்பு இல்லைன்னு போட்டிருக்கீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மச்சானும் பின்னால் போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவதும் அவன் தலைகுனிந்து நிற்பதும் தெரிந்தது. அந்தக் கோலத்தில் அவனைப் பார்க்கத்தான் நான் வந்தேன். பார்க்க ஒன்றுமில்லை.

நான் சோதனைக்கென்று வைத்திருந்த வெள்ளைத் தாளில் ஒன்றை இழுத்தேன். எழுந்து போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். இருபதடி. போகவில்லை. அவளிடம் என் கிறுக்கலை நீட்டித்தானே எனக்குப் பழக்கம். 'குட்டி, மன்னிச்சிடு. நான் ஒரு தடவைகூட உன்னைக் கேட்கல. கதவைத் திற, பேசணும்' என்று எழுதினேன். அவசரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கிறுக்கலாக இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன்.

இருபது வினாடி போயிற்று. ஒரு நிமிடம் போயிற்று. கோடியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், அது எனக்குத் தெரியாது. தோளில் கைப்பை, ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. மற்றக் கையிடுக்கில், இத்தனை வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்த நாற்காலித் திண்டு. கூட்ட அறையைக் கடக்கும்போது அவள் திரும்பவில்லை. நடையில் அவசரமும் இல்லை. மேடத்தையும் மச்சானையும் தாண்டி லிஃப்ட் பக்கம் போனாள். மணி மூன்று இருபது.

பின்னாலேயே ஓட எழுந்தவன் திரையைப் பார்த்தேன். என் சீட்டுக்குப் பதில் வந்திருந்தது. கிளம்புவதற்கு முன் அவள் கடைசியாகப் பார்த்த சீட்டு அது.

'வாசிக்க முடியவில்லை. எழுதியவரைக் கேட்கவும்.'